வீட்டிலேயே சைக்கிள் ஃபிட்டிங்: ஒரு ஆலன் கீ, ஒரு தூக்குக் குண்டு, ஆறு வாரம்

சைக்கிள் வாங்கி மூன்றாவது மாதம். ஞாயிறு அதிகாலை திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது வலது முட்டியின் முன்பக்கம் ஊசி குத்துவதுபோல் வலித்தது. நீலாங்கரை வருவதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வயசாகிவிட்டது என்றார்கள். சைக்கிளே வேண்டாம் என்றார்கள். ஜெல் சீட் கவர் வாங்கினேன், முட்டிக்கு உறை வாங்கினேன், கையுறை வாங்கினேன். எதுவும் உதவவில்லை. கடைசியில் பார்த்தால் சீட் 4 செ.மீ. தாழ்வாக இருந்தது, அதன் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. இரண்டையும் சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு ஆலன் கீ, அறுகோணக் குழி உள்ள போல்ட்டைத் திருப்பும் வளைந்த சாவி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சைக்கிளை உடம்புக்கேற்பச் சரிசெய்வதைத்தான் ஃபிட்டிங் என்கிறார்கள். இங்கே சொல்வது ஹைப்ரிட், ரோடு சைக்கிள், மவுண்டன் சைக்கிள் வைத்திருக்கும் புதியவர்களுக்கு. பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்கு வேறு கணக்கு உண்டு.

1. முதலில் ஃப்ரேம் உங்கள் அளவுதானா என்று பாருங்கள்

சட்டை இரண்டு அளவு பெரிதாக இருந்தால் பொத்தானை மாற்றித் தைத்துப் பயனில்லை. ஃப்ரேமும் அப்படித்தான். சைக்கிளின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால் வைத்து, வழக்கமாக ஓட்டும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நில்லுங்கள். குழாய்க்கும் உங்கள் கவட்டைக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃப்ரேம் பெரிது. குழாய் பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃப்ரேம்களில் இந்தச் சோதனை முழுதாகச் செல்லாது. அவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் உயர அட்டவணையைப் பாருங்கள்.

அடுத்தது சீட் போஸ்ட், சீட்டைத் தாங்கி ஃப்ரேமுக்குள் இறங்கும் குழாய். அதன் மேல் ஒரு கோடு பொறித்திருக்கும், குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்பதற்கு. அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால்தான் சீட் உங்களுக்கு எட்டுகிறது என்றால் ஃப்ரேம் சிறிது. கோட்டைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர்கூட ஏற்றாதீர்கள். ஃப்ரேம் விரிசல் விடும், போஸ்ட் உடைந்து விழவும் வாய்ப்புண்டு.

இன்னும் சைக்கிள் வாங்கவில்லையா? அப்படியானால் கடைக்குப் போகும் முன்பே படி 3-இல் சொல்லியிருக்கும் கால் அளவை எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் இருக்கும் சைக்கிளைத்தான் உங்கள் அளவு என்பார்கள்.

2. காகிதமும் கருவியும்

ஆலன் கீயைக் கையில் எடுக்கும் முன் ஒரு நோட்டை எடுங்கள். இப்போது சைக்கிள் எப்படி இருக்கிறதோ அந்த அளவுகளை முதல் பக்கத்தில் எழுதுங்கள். நான் இதைச் செய்யாமல் ஆரம்பித்து, இரண்டாவது வாரம் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று பார்த்தால் பழைய நிலை எது என்றே தெரியாமல் நின்றேன்.

எழுத வேண்டியவை இவ்வளவுதான்: கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள நீளம், சீட் குழாயை ஒட்டி அளந்தது. சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடுப்பகுதி வரை. தரையிலிருந்து சீட் உயரம், தரையிலிருந்து ஹேண்டில்பார் உயரம். சீட்டின் சாய்வு. கிராங்க் நீளம், இது கிராங்கின் உள்பக்கம் 165, 170, 175 என்று பொறித்திருக்கும். ஸ்டெம் (ஹேண்டில்பாரை சைக்கிளின் முன்பக்கத்தோடு இணைக்கும் துண்டு) நீளமும் கோணமும், அதுவும் ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும். தேதி போடுங்கள்.

கூடவே பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். சைக்கிளோடு வந்த கையேட்டையும் ரசீதையும் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் பாகத்தின் மேலேயே நியூட்டன் மீட்டரில் அச்சிட்டிருக்கும். போல்ட்டை அதிகம் இறுக்கி உடைத்தால் வாரண்டி கிடைக்காது.

கருவிகளுக்கு நான் செலவழித்தது: ஆலன் கீ தொகுப்பு 350 ரூபாய், டேப் 80, கொத்தனார் பிடிக்கும் தூக்குக் குண்டு 120. நூலில் ஒரு கனமான நட்டைக் கட்டினாலும் தூக்குக் குண்டுதான், அந்த 120-ஐ மிச்சப்படுத்தலாம். ரசமட்டம் போனிலேயே செயலியாகக் கிடைக்கிறது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் நண்பரிடம் இரவல். கார்பன் ஃப்ரேமோ, கார்பன் சீட் போஸ்ட்டோ, கார்பன் ஹேண்டில்பாரோ என்றால் மட்டும் இரவலாவது வாங்காமல் தொடாதீர்கள். குத்துமதிப்பாக இறுக்கினால் கார்பன் நொறுங்கும்.

சைக்கிளை எங்கே நிறுத்துவது? மொட்டை மாடி வேண்டாம். மழைநீர் வடிய அங்கே வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பார்கள், நீங்கள் எடுக்கும் எல்லா அளவும் கோணலாகும். பால்கனியும் அப்படியே. ஹாலில் சுவரோரம் நிறுத்துங்கள், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே தரை மட்டமா என்று பாருங்கள். பின் சக்கரத்தைப் பூட்டி ஓட்டும் டிரெய்னர் யாரிடமாவது கிடைத்தால் வேலை பாதியாகும். டிரெய்னர் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும், அதே உயரத்துக்கு முன் சக்கரத்தின் கீழ் புத்தகங்களை அடுக்க மறந்துவிடாதீர்கள்.

3. கால் அளவு

செருப்பில்லாமல், சுவரில் முதுகு ஒட்டி, பாதங்களை ஒரு சாண் இடைவெளியில் வைத்து நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டையில் வைத்து, அதன் முதுகுப்பக்கம் மேலே இருக்க, ஒரு ஓரம் சுவரில் பட, நன்றாக மேலே அழுத்துங்கள். சீட்டில் உட்காரும்போது எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு. கூச்சப்பட்டு லேசாக வைத்தால் ஒன்றிரண்டு செ.மீ. குறைந்துவிடும். புத்தகத்தின் மேல் விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறிக்கச் சொல்லி, தரையிலிருந்து அளக்கவும். மூன்று முறை எடுத்து சராசரி போடுங்கள்.

எனக்கு 78 செ.மீ. வந்தது. பேன்ட் தைக்கும் அளவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. என் பேன்ட்டின் உள்பக்க நீளம் 74 தான்.

4. பாதம் எங்கே படவேண்டும்

சாதாரண பெடல் என்றால், கட்டைவிரலுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்புப் பகுதி பெடல் அச்சுக்கு நேர் மேலேயோ, அதைவிட அரை செ.மீ. முன்னாலோ இருக்கட்டும். நடுப்பாதத்தால் மிதிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. சீட்டை எவ்வளவு சரிசெய்தாலும் அந்தப் பழக்கம் கணக்கைக் கெடுத்துவிடும். பெடலில் மாட்டும் ஷூ வைத்திருந்தாலும் இதே இடம்தான். அதில் குதிகால் எந்தப் பக்கம் திரும்புவது இயல்போ அந்தப் பக்கமே திரும்பட்டும், வலுக்கட்டாயமாக நேராக்காதீர்கள். முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

5. சீட் உயரம்

எல்லா வினையும் தொடங்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாக.

சைக்கிள் வாங்கிய அன்று கடைப் பையன் என்னை உட்காரவைத்து, "சார், கால் ரெண்டும் தரையில படுதா? அப்ப சரி" என்று சீட்டை இறக்கிவிட்டான். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நமக்கு அது நியாயமாகவே படுகிறது. விழுந்துவிடக் கூடாது என்ற பயம் நமக்குள் ஊறியது. உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாக ஊன்றினால் சீட் தாழ்வு, அதில் சந்தேகமே வேண்டாம். பெடல் தரையிலிருந்து பத்து செ.மீ.க்கு மேல் உயரத்தில் சுற்றுகிறது. தரைக்கு எட்டும் கால், பெடலுக்கு வரும்போது மடங்கித்தான் இருக்கும். மடங்கிய காலால் ஆயிரக்கணக்கான முறை மிதிக்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. முட்டியின் முன்பக்க வலி அப்படித்தான் வருகிறது.

நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். சிக்னலில் நிற்க இதைப் பழகுங்கள், இரண்டு நாள் போதும். இது பழகாமல் சீட்டை உயர்த்தாதீர்கள்.

இப்போது கணக்கு. புழக்கத்தில் இரண்டு சூத்திரங்கள் உண்டு.

ஒன்று, கால் அளவை 0.883-ஆல் பெருக்குவது. மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் பிரபலமானது. கிராங்க் நடுவிலிருந்து சீட் மேற்பரப்பு வரை உள்ள நீளம் இது. என் 78-க்கு 68.9 செ.மீ.

இன்னொன்று, கால் அளவில் 109 சதவீதம். இது கீழே இருக்கும் பெடலின் அச்சிலிருந்து சீட் வரை. எனக்கு 85 செ.மீ. வரும். கிராங்க் 170 மி.மீ., அதாவது 17 செ.மீ. கழித்தால் 68.

ஒரே ஆளுக்கு இரண்டு விடை, நடுவே கிட்டத்தட்ட ஒரு செ.மீ. வித்தியாசம். குழம்ப வேண்டாம். சூத்திரத்துக்குப் பாத நீளமும் தெரியாது, ஷூவின் தடிமனும் தெரியாது. குறைவாக வரும் எண்ணில் தொடங்குங்கள். அங்கிருந்து ஏறுவதுதான் பாதுகாப்பு.

பிறகு குதிகால் சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓட்டும் ஷூவோடு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் கீழே வரும்போது கால் முழுதாக நீண்டு, அதே நேரம் இடுப்பு ஒரு பக்கமாக இறங்காமல் இருந்தால் உயரம் சரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. குதிகால் பெடலை எட்டாவிட்டால் அதிகம். முட்டி மடங்கியே இருந்தால் குறைவு.

இப்போது உங்கள் சீட் 65-இல் இருக்கிறது, கணக்கு 68 சொல்கிறது என்றால் ஒரே நாளில் 3 செ.மீ. ஏற்றிவிடாதீர்கள். நான் ஏற்றினேன். அடுத்த நாள் முட்டிக்குப் பின்னால் நரம்பு இழுத்துப் பிடித்துக்கொண்டது. வாரத்துக்கு 5 மி.மீ. முதல் 1 செ.மீ. வரை போதும், தசைகள் பழக அவகாசம் வேண்டும்.

போஸ்ட்டை வெளியே எடுத்திருக்கும்போதே துடைத்து லேசாக கிரீஸ் தடவுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்கு அலுமினிய போஸ்ட் ஃப்ரேமுக்குள் இறுகிவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. கார்பன் போஸ்ட்டுக்கு கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பசை இருக்கிறது. சரிசெய்த உயரத்தில் போஸ்ட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவையுங்கள். சீட் மெல்ல இறங்கினால் உடனே தெரியும்.

6. சீட்டின் சாய்வும் முன்பின் நகர்வும்

சீட் மேல் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்து அதன் மேல் போன் ரசமட்டம். பூஜ்யத்தில் தொடங்குங்கள். தேவைப்பட்டால் மூக்கை 2 டிகிரி வரை இறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். உட்காரும் இடம் வலிக்கிறது என்று நான் மூக்கை நன்றாக இறக்கியிருந்தேன். உடம்பு முழுதும் முன்னால் வழுக்க, அதை இரண்டு கையும் தள்ளித் தள்ளித் தாங்கியது. விரல் மரத்ததற்கு அதுதான் காரணம், கையுறை என்ன செய்யும்?

முன்பின் நகர்வுக்குத்தான் தூக்குக் குண்டு. கிராங்க்கைத் தரைக்கு இணையாக, கடிகார முள் மூன்றைக் காட்டுவதுபோல் நிறுத்துங்கள். உங்கள் இடத்தில் இயல்பாக உட்காருங்கள். முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே ஒரு புடைப்பு தட்டுப்படும், அங்கிருந்து நூலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். குண்டு பெடல் அச்சுக்கு நேராக, அல்லது ஒரு செ.மீ. பின்னால் விழட்டும். முன்னால் விழுந்தால் சீட்டைப் பின்னால் தள்ளுங்கள். இதை விஞ்ஞான விதி என்று சொல்ல முடியாது, கேள்வி கேட்டவர்கள் பலர். ஆனாலும் எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே, அதற்கு நல்ல இடம்.

சீட்டின் கீழே உள்ள கம்பிகளில் எல்லைக்கோடு இருக்கும். கிளாம்ப் அதற்குள்ளேயே பிடிக்க வேண்டும்.

ஒரு பொறி: சீட்டைப் பின்னால் தள்ளினால் உயரமும் மாறும். சீட் குழாய் சாய்வாக இருப்பதால், 1 செ.மீ. பின்னால் போனால் பெடலிலிருந்து தூரம் சுமார் 3 மி.மீ. கூடும். ஆகவே படி 5-க்குத் திரும்பிப் போய் மறுபடி அளந்து, அந்த 3 மி.மீ.ஐ இறக்கிவிடுங்கள்.

சீட்டின் அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. மெத்தென்று இருப்பதெல்லாம் சுகம் தராது. நீண்ட தூரம் ஓட்டும்போது மென்மையான ஜெல் அமுங்கி, எலும்பு தாங்க வேண்டிய எடையைச் சதையும் நரம்பும் தாங்கும். நெளிவு அட்டை ஒன்றைக் கெட்டியான முக்காலியில் போட்டு, அதில் உட்கார்ந்து, லேசாக முன்னால் குனிந்து எழுந்திருங்கள். இரண்டு எலும்பும் பதிந்த குழி தெரியும். குழிகளின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தோடு 2 முதல் 2.5 செ.மீ. கூட்டினால் உங்களுக்கேற்ற சீட் அகலம். எனக்கு 12 வந்தது, சீட் 14.5 அகலம். அது சரியாகவே இருந்ததால் ஜெல் கவரைக் கழற்றி எறிந்ததோடு முடிந்தது, புதுச் சீட் வாங்கவில்லை.

7. ஹேண்டில்பார்: தூரமும் உயரமும்

சீட் முடிந்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரும். கை எட்டவில்லை என்று சீட்டை முன்னால் இழுக்காதீர்கள். சீட்டின் இடத்தைத் தீர்மானிப்பது கால், கை அதில் தலையிடக் கூடாது. கை எட்டாவிட்டால் மாற்ற வேண்டியது ஸ்டெம்.

முழங்கையை சீட் மூக்கில் வைத்து விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொடுகிறதா என்று பார்ப்பது நம் ஊரில் பழைய வழக்கம். முதுகு எவ்வளவு வளையும், தோள் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில் வருவதில்லை, நம்ப வேண்டாம். அதைவிட இது நல்லது: டிரெய்னரில் மிதமாக மிதித்துக்கொண்டே, கைகளை ஹேண்டில்பாரிலிருந்து ஒரு அங்குலம் தூக்குங்கள். சில நொடிகள் உடம்பு அப்படியே நின்றால் எடை சரியாகப் பிரிந்திருக்கிறது. பொத்தென்று முன்னால் விழுந்தால் கை அதிகம் சுமக்கிறது. இதைச் சாலையில் செய்து பார்க்காதீர்கள். டிரெய்னர் இல்லையென்றால் சுவரோரம் ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லிச் செய்யலாம்.

புதியவர்களுக்கு ஹேண்டில்பார் சீட்டின் உயரத்திலோ, ஓரிரு செ.மீ. மேலேயோ இருப்பது நல்லது. முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைப்பாக நீண்டிருந்தால் ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேரே கழுத்துக்கு வரும்.

காசில்லாமல் உயர்த்தும் வழி ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவது. 100 மி.மீ., 6 டிகிரி ஸ்டெம் கீழ்நோக்கி இருந்து மேல்நோக்கித் திரும்பினால் ஹேண்டில்பார் சுமார் 2 செ.மீ. உயரும், அரை செ.மீ. அளவுக்கு அருகிலும் வரும். எனக்கு அதுவும் போதாமல் 80 மி.மீ. ஸ்டெம் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும் முன் ஹேண்டில்பாரின் நடுத் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 31.8 மி.மீ.யும் 25.4 மி.மீ.யும் புழக்கத்தில் உள்ளன, ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சேராது.

கழற்றும் முறை முக்கியம், இதில் தப்பு செய்தால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் லொடலொடக்கும். ஸ்டெம்மின் பின்னால் உள்ள இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பிறகு ஸ்டெம்முக்கு மேலே இருக்கும் உச்சி மூடியின் போல்ட்டைக் கழற்றுங்கள். மாட்டும்போது தலைகீழ் வரிசை. முதலில் உச்சி மூடியை மெதுவாக, ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. ஹேண்டில் தடையில்லாமல் திரும்பவும் வேண்டும். சக்கரத்துக்கு நேராக ஹேண்டிலை நிறுத்திய பிறகே ஸ்டெம்மின் பின்னால் உள்ள அந்த இரண்டு போல்ட்டுகளை மாறி மாறி இறுக்க வேண்டும். அலுமினியத்தில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும். முடிந்ததும் முன் சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை முறுக்கிப் பாருங்கள். நகர்ந்தால் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பிரேக் லீவரையும் மறக்காதீர்கள். நேரான ஹேண்டில்பாரில் லீவர் பெரும்பாலும் தரைக்கு இணையாகவே மாட்டி வரும். அதைப் பிடிக்க மணிக்கட்டு மேலே மடங்கும். முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி லீவரைக் கீழே சுழற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் என் கைக்குக் கிடைத்த சுகத்தில் பாதி இதில்தான் வந்தது. சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் நரம்பு அழுந்துகிறது. கட்டைவிரல் பக்கம் மரத்தால் மணிக்கட்டின் நடுவில். எங்கே அழுந்துகிறது என்று தெரிந்தால் பிடியை எப்படி மாற்றுவது என்பதும் தெரியும்.

டயரில் காற்றை அதிகபட்ச எண் வரை அடைத்துக்கொண்டு கை மரக்கிறது என்பவர்களும் உண்டு. டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் வரம்புக்குள் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

8. வீடியோ

அளவுகளெல்லாம் நின்ற நிலையில் எடுத்தவை. மிதிக்கும்போது உடம்பு வேறு மாதிரி உட்காரும். பத்து நிமிடம் மிதித்து உடம்பு சூடான பிறகு, சீட்டின் உயரத்தில், பக்கவாட்டில் மூன்று மீட்டர் தள்ளி போனை ஒரு ஸ்டூலில் வையுங்கள். கணுக்கால் முட்டி, முழங்காலின் வெளிப்பக்கம், இடுப்பெலும்பு மூன்றிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்லோ மோஷனில் ஒரு நிமிடம் போதும்.

பெடல் கீழே இருக்கும் நொடியில் நிறுத்தி, மூன்று பொட்டுகளையும் இணைத்துக் கோணம் பாருங்கள். நேரான கால் 180 டிகிரி என்றால், முட்டியில் 140-க்கும் 150-க்கும் நடுவே வருவது நல்லது. கணினியில் செய்வதென்றால் கினோவியா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. திரையில் பள்ளிக்கூடப் பாகைமானியை வைத்து அளந்தாலும் போதும்.

பின்னாலிருந்தும் ஒரு வீடியோ எடுங்கள். என் மகள்தான் எடுத்தாள். நான் கோணம் 148, அருமை என்று மகிழ்ந்துகொண்டிருந்தபோது, "அப்பா, உங்க இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுதே" என்றாள். பார்த்தால், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு படகுபோல் சாய்ந்து எழுந்தது. சீட் கொஞ்சம் அதிகம். 4 மி.மீ. இறக்கியதும் ஆட்டம் நின்றது, கூடவே இடுப்பு வலியும். எண் சரியாக வந்தாலும் இடுப்பு ஆடினால் இடுப்பைத்தான் நம்ப வேண்டும்.

9. சாலையில் ஆறு வாரம்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மாற்றிய பிறகு குறைந்தது மூன்று சவாரி, அதில் ஒன்றாவது ஒரு மணி நேரத்துக்கு மேல். அதன் பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நாளில் நான்கை மாற்றினால் வலி குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது, கூடினாலும் தெரியாது. எனக்கு ஆறு வாரம் ஆனது, அதில் இரண்டு வாரம் அவசரப்பட்டதைத் திருத்த.

ஒவ்வொரு சவாரிக்கும் நோட்டில் ஒரு வரி: எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது கிலோமீட்டரில் எங்கே வலித்தது. வலி சொல்வதைப் படிக்க இது உதவும்:

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது அதிகம் முன்னால் இருக்கிறது. கனமான கியரில் மெதுவாக மிதித்தாலும் இதே வலி வரும், சீட்டைத் தொடும் முன் கியரைக் குறைத்துப் பாருங்கள். முட்டிக்குப் பின்னால் என்றால் சீட் அதிக உயரம், அல்லது அதிகம் பின்னால். கீழ்முதுகு வலித்தால் இடுப்பு ஆடுகிறதா, ஹேண்டில்பார் தூரமா என்று பார்க்கவும். கழுத்து, தோள்பட்டை என்றால் ஹேண்டில்பார் தூரம் அல்லது தாழ்வு. பாதம் மரத்தால் முதலில் ஷூ லேஸைத் தளர்த்துங்கள்.

10. எப்போது மற்றவரிடம் போக வேண்டும்

முட்டி வீங்கினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், முட்டி பூட்டிக்கொண்டால், கை மரப்பு மறுநாளும் போகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். கவட்டைப் பகுதி மரத்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அன்றைய சவாரியை நிறுத்துங்கள், சீட்டின் சாய்வையும் உயரத்தையும் பாருங்கள், தொடர்ந்தால் மருத்துவர்.

ஒரு கால் மற்றதைவிட நீளம் குறைவு என்று தெரிந்தால், ஏற்கெனவே முட்டி அறுவைசிகிச்சை ஆகியிருந்தால், தொழில்முறை ஃபிட்டரிடம் காட்டுவதே மேல். பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். கட்டணம் சில ஆயிரங்களில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டியும் போகும். இரண்டு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வார்களா, ஒரு மாதம் கழித்து இலவசமாகத் திரும்பப் பார்ப்பார்களா, கடைசி அளவுகளை எழுத்தில் தருவார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். எழுத்தில் தராத இடத்துக்குப் போகாதீர்கள். உங்கள் நோட்டையும் கொண்டுபோங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும்.

11. சர்வீஸுக்கு விடும்போது

சைக்கிளைச் சர்வீஸுக்கு விட்டால் கழுவவோ ஸ்டாண்டில் மாட்டவோ சீட்டை இறக்குவார்கள், குத்துமதிப்பாக ஏற்றித் தருவார்கள். ரயிலில் ஏற்ற ஹேண்டிலைத் திருப்பினாலும் இதே கதை. போஸ்ட்டில் சுற்றிய டேப், ஸ்டெம்மில் பெயின்ட் மார்க்கரால் போட்ட ஒரு கோடு, போனில் நோட்டின் கடைசிப் பக்கப் போட்டோ மூன்றும் இருந்தால் கடை வாசலிலேயே இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். நான் பையில் 5 மி.மீ. ஆலன் கீயும், 68.3 செ.மீ.யில் முடிச்சுப் போட்ட நூல் ஒன்றும் வைத்திருக்கிறேன். நூலின் ஒரு முனையைக் கிராங்க் நடுவில் பிடித்தால் முடிச்சு சீட்டின் மேற்பரப்பில் வந்து நிற்க வேண்டும். போன மாதம் சர்வீஸ் முடிந்து வந்தபோது முடிச்சு சீட்டுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. அங்கேயே ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.